கேஸ் கட்டைக் கைமாற்றக் கற்றுக்கொள்ளுங்கள்

சுற்றுச்சூழல் வழக்குகள் நடத்த வேண்டும் என்ற ஆசையோடு கறுப்புக் கோட்டு மாட்டும் இளையவர்கள் முன்னைவிட இப்போது அதிகமாக வருகிறார்கள். எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம் என்று கேட்கிறார்கள். புத்தகத்தின் பெயரைச் சொல்வதற்கு முன் நான் ஒன்று சொல்வது வழக்கம்: இந்த வேலையில் வழக்கின் ஆயுள் வக்கீலின் ஆயுளைவிட நீளம். இதை மனத்தில் வாங்கிக்கொண்டவருக்குத்தான் எதைப் படிப்பது, யாரோடு சேர்ந்து படிப்பது, படித்ததை யாரிடம் ஒப்படைப்பது என்பது பிடிபடும்.

எங்கள் பாலாற்றுப் படுகையையே பாருங்கள். வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பகுதித் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் ஆற்றையும் கிணற்றையும் கெடுக்கிறது என்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பு வந்தது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதிதான் என்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு சொன்ன தீர்ப்பு அது. உலகெங்கும் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். இழப்பீட்டை நிர்ணயிக்கத் தனி ஆணையம் அமைந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு ஏற்படுத்தச் சொல்லி உத்தரவானது. அதோடு முடிந்ததா? 2025 ஜனவரி 30-இல் அதே பாலாறு, அதே தோல் கழிவு, அதே இழப்பீட்டுப் பாக்கி மறுபடியும் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பில் வந்து நின்றது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கச் சொன்னார்கள். இழப்பீட்டை அரசு முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றார்கள். முதல் மனு தாக்கலான வருடம் பிறந்த குழந்தைக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது.

அப்படியானால் சுற்றுச்சூழல் வக்கீல் என்பவர் தனி ஆளாக இருக்க முடியாது. சாகும்வரை படிக்கிறவராகவும், படித்ததைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்கிறவராகவும் இருந்தால்தான் வழக்கு பிழைக்கும். நான் சொல்லப்போகும் எல்லாப் பாடமும் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவைதான்.

பருப்பு வேகாத தண்ணீர்

வேலூர் தீர்ப்பை முழுதாகப் படித்தவர்களுக்கு ஒரு விவரம் தெரிந்திருக்கும். தமிழ்நாடு சட்ட உதவி வாரியம் கேட்டுக்கொண்டதன் பேரில் இரண்டு வழக்கறிஞர்கள் அந்தப் பகுதியைச் சுற்றிப் பார்த்து விரிவான அறிக்கை கொடுத்தார்கள். உச்ச நீதிமன்றம் அந்த அறிக்கையை எடுத்துப் பேசுகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணக்கும் அதில் இருக்கிறது: தோல் ஆலைகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவுக்கோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போய்விட்டது. அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவை எத்தனை அழகாக வாதிட்டாலும், அடியில் இப்படி ஒரு தரைக்கணக்கு இல்லாவிட்டால் வாதம் நிற்காது.

ஆகவே அறிவியலைப் படியுங்கள். சட்டக் கல்லூரியில் சுற்றுச்சூழல் சட்டம் கட்டாயப் பாடம். வேதியியல் பாடம் கிடையாது. அதை நாமே கற்றுக்கொள்ள வேண்டும். எப்படி என்பதற்கு ஒரு காட்சி சொல்கிறேன். ஆற்றோரக் கிராமம் ஒன்றில் நானும் ஒரு ஜூனியரும் ஒரு வேதியியல் ஆசிரியரும் கிணற்றடியில் நின்றிருந்தோம். அந்த வீட்டு அம்மா சொன்னார்: "வக்கீல் சார், நீங்க என்ன வேணா எழுதிக்குங்க. இந்தத் தண்ணியில பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. மாடுகூட மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கும்." ஜூனியர் நோட்டில், "குடிநீர் மாசடைந்துள்ளது" என்று எழுதினார். ஆசிரியர் அவரைத் தடுத்தார். "அம்மா சொன்னதை அப்படியே எழுதுங்க தம்பி. பருப்பு வேகலைன்னா தண்ணியில கால்சியம், மக்னீசியம் கூடுதலா இருக்கு. அதுக்குக் கடினத்தன்மைன்னு பேரு. அதை லேப்ல அளந்துடலாம்" என்றார்.

அந்த அம்மாவின் வாக்குமூலமும் ஆய்வக அறிக்கையும் அருகருகே வைக்கப்படும்போது மனுவுக்கு உயிர் வருகிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரப்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். கரைந்த உப்புகளின் மொத்த அளவுக்கு அதே முறையில் 500, 2,000. இந்த எண்களை மனப்பாடமாக வைத்திருங்கள். தோல் ஆலைக் கழிவில் உப்பு ஏன் இவ்வளவு வருகிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பைத் தடவித்தான் அனுப்புவார்கள். ஆலையில் முதல் வேலை அதைக் கழுவுவது. சாதாரணச் சுத்திகரிப்பு நிலையம் கரிமக் கழிவைக் குறைக்கும், குரோமியத்தைப் படிய வைக்கும், ஆனால் கரைந்த உப்பை எடுக்காது. அதற்கு எதிர்ச் சவ்வூடு பரவல் வேண்டும், பிறகு ஆவியாக்கும் கலன் வேண்டும். இது தெரிந்த வக்கீல், "சுத்திகரிப்பு நிலையம் ஓடுகிறது" என்ற பதில் மனுவைப் பார்த்ததும், "உப்பு எங்கே போகிறது?" என்று கேட்பார். தெரியாதவர் வாய்தா வாங்குவார்.

மாதிரி எடுக்கும் முறையையும் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி கழிவுநீர் மாதிரி எடுக்கும்போது, ஆலைக்காரருக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர் கேட்டால் அவர் முன்னிலையிலேயே மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரை வைத்து, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். இந்த நடைமுறை தவறினால் அந்த முடிவு சாட்சியமாக ஏறாது. ஒரு பாட்டிலின் வாயில் அரக்கு சரியாக ஒட்டாததால் வழக்கு சாய்வதுண்டு. அதைத் தெரிந்துகொள்ள, மாதிரி எடுக்கிற இடத்தில் போய் நிற்பதுதான் வழி.

போன வருடம் படித்தது இந்த வருடம் போதாது

பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய பார் தேர்வையும் எழுதி முடித்துவிட்டால், அதற்குப் பிறகு வக்கீலைப் பார்த்து, "படி" என்று கட்டாயப்படுத்த நம் நாட்டில் யாரும் இல்லை. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் குறிப்பிட்ட காலத்துக்குள் இத்தனை மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்தால்தான் உரிமம் நீடிக்கும். இங்கே அந்த நிர்ப்பந்தம் இல்லாததால், கட்டாயத்தை நமக்கு நாமே விதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நம் துறையில் அது எவ்வளவு அவசியம் என்று பாருங்கள். பொதுத் தொல்லையை அகற்றச் சொல்லிக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவில் மனுப் போடுவது எங்கள் காலத்துப் பழக்கம். ரத்லாம் நகராட்சி வழக்கில் 1980-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவுக்குப் பெரிய பலம் கொடுத்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு. செல்போனில் எடுத்த புகைப்படத்தைத் தாக்கல் செய்ய முன்பு பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுச் சான்றிதழ் போதும். இப்போது புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் நிபுணர் நிரப்பும் பகுதியும் சேர்ந்திருக்கிறது. 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தை மீறினால் ஐந்தாண்டு வரை சிறை என்று மேடையில் பேசிக்கொண்டிருந்தோம். 2024 ஏப்ரலிலிருந்து அந்தச் சிறைத் தண்டனை பெரும்பாலும் போய், 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதம் என்று மாறிவிட்டது.

தீர்ப்புகளும் அப்படித்தான். முன் அனுமதி வாங்காமல் ஆலையைத் தொடங்கிவிட்டுப் பின்னால் அனுமதி கேட்பதை 2025 மே 16-இல் வனசக்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் தடுத்தது. அதே ஆண்டு நவம்பர் 18-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு, இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. மே மாதத்தோடு படிப்பை நிறுத்திய வக்கீல் டிசம்பரில் எழுந்து நின்றால் என்ன ஆகும்?

சில நேரம் நாம் வென்றதையே புதிய சட்டம் ஒன்று மாற்றிவிடும். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் கடலோர இறால் பண்ணைகளை எதிர்த்து நடத்திய வழக்கில் 1996 டிசம்பர் 11-இல் மகத்தான தீர்ப்புக் கிடைத்தது. 2005-இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்து, கடலோர ஒழுங்குமுறைத் தடை அந்தப் பண்ணைகளுக்குப் பொருந்தாது என்று ஆக்கிவிட்டது. தீர்ப்பு வந்த அன்று இனிப்புக் கொடுங்கள், தவறில்லை. மறுநாள் காலையிலிருந்து அரசிதழைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

முறையான படிப்புக்கும் இடம் உண்டு. சென்னை அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் சட்டத்தில் முதுகலை படிக்கலாம். பெங்களூர் தேசிய சட்டப் பள்ளியில் சுற்றுச்சூழல் சட்டத்துக்கென்றே ஒரு மையம் இயங்குகிறது. கங்கை வழக்கையும் எங்கள் வேலூர் வழக்கையும் நடத்திய எம்.சி. மேத்தா, தம் அறக்கட்டளை வழியாக இளம் வக்கீல்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார். வாய்ப்புக் கிடைத்தால் போய் வாருங்கள். சான்றிதழைவிட, அங்கே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் நட்பு நெடுநாள் உதவும்.

முப்பது நாளும் ஒரு சின்ன விளம்பரமும்

சேர்ந்து படியுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் கறாரான காரணம் ஒன்று இருக்கிறது. 2010-ஆம் ஆண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 16-ஆம் பிரிவின்படி, ஒரு திட்டத்துக்குக் கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்க்க 30 நாள்தான் கெடு. தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 60 நாள். தொண்ணூற்றோராம் நாள் போனால் கதவு மூடியிருக்கும். எவ்வளவு பெரிய அநியாயமானாலும் தீர்ப்பாயம் நேரத்தை நீட்ட முடியாது.

அனுமதி கிடைத்ததைத் திட்டக்காரர் ஏழு நாளுக்குள் இரண்டு உள்ளூர்ப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்ய வேண்டும், அதில் ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும் என்பது அனுமதிக் கடிதத்தில் வழக்கமாக வரும் நிபந்தனை. ஏலம், பெயர் மாற்றம், காணாமல் போன பத்திரம் ஆகிய விளம்பரங்களுக்கு நடுவே பொடி எழுத்தில் அது வந்து போகும். எத்தனை மாவட்டம், எத்தனை பதிப்பு! ஒரு வக்கீல் எத்தனை பத்திரிகையைத்தான் புரட்டுவார்? பத்துப் பேர் சேர்ந்து ஆளுக்கு ஒரு மாவட்டப் பதிப்பு என்று பிரித்துக்கொண்டால் ஒன்றும் தப்பாது. பார்த்தவர் அன்றைக்கே தேதியோடு கத்தரித்து, எல்லோருக்கும் அனுப்பிவிட வேண்டும்.

சனிக்கிழமை மாலையில் ஒரு சேம்பரில் கூடுவது எங்கள் வழக்கம். அந்த வாரம் வந்த ஓர் உத்தரவை ஒருவர் எடுத்துச் சொல்வார். கிராமத்து ஆட்களுக்குப் புரியும் தமிழில் சொல்ல வேண்டும் என்பது விதி. விவசாயிகள், மீனவர்கள், ஓய்வுபெற்ற பொறியாளர் என்று வந்து உட்காருவார்கள். "அப்படின்னா வாரியம் எங்ககிட்ட என்ன காகிதம் கொடுத்திருக்கணும்?" என்று ஒரு விவசாயி கேட்கும்போது, அந்த உத்தரவை நாம் உண்மையிலேயே படித்தோமா என்பது வெளிச்சமாகிவிடும். பதில் சொல்ல முடியாத கேள்வி அடுத்த வாரப் பாடம்.

வட்டத்தை ஊரோடு நிறுத்தாதீர்கள். பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி வழக்குகளும் அங்கேதான் வருகின்றன. வராந்தாவில் டீ குடிக்கும்போது பெரியாற்றைப் பற்றி ஒரு மலையாள வக்கீலிடமும், பெங்களூர் ஏரிகளைப் பற்றி ஒரு கன்னட வக்கீலிடமும் கேட்டுப் பாருங்கள். நீங்கள் ஆறு மாதம் தேடிய தீர்ப்பு அவர் பையில் இருக்கும். கடல் தாண்டியும் உறவு உண்டு. பல நாட்டு வக்கீல்கள் சேர்ந்து 1989-இல் தொடங்கிய ஈலா என்ற கூட்டமைப்பில் விஞ்ஞானிகளும் வேலை பார்க்கிறார்கள். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையில் எங்கே ஓட்டை என்று படித்துச் சொல்லி, ஏழை நாடுகளின் வழக்கறிஞர்களுக்கு உதவுகிறார்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

எதிரே நிற்பவரும் மனிதர்தான்

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் நூற்றுக்கணக்கில் மூடப்பட்டன. நொய்யல் விவசாயிகள் நெடுங்காலம் போராடி வாங்கிய நியாயம் அது. ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கிக் கிடந்த கொடுமையை அறிந்த யாரும் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். அதே வாரத்தில் ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் வேலையில்லாமல் பஸ் ஏறியதும் உண்மை. மூடச் சொல்லி மனு எழுதும் கை, தொழிலாளிக்கு இடைக்காலச் சம்பளம், ஆலையைத் திருத்தி ஓட்டுவதற்கான கால அட்டவணை ஆகியவற்றையும் கேட்டு எழுதப் பழக வேண்டும். தொழிலாளர் சட்டம் தெரிந்த ஒருவர் உங்கள் வட்டத்தில் அவசியம் இருக்கட்டும்.

இயற்கைக்கும் இயற்கைக்குமே வழக்கு வரும் காலம் இது. ராஜஸ்தானில் கானமயில் பறவையைக் காப்பதா, சூரிய மின்சாரக் கம்பிகளைக் கொண்டுபோவதா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2024 மார்ச் 21-இல் வந்த தீர்ப்பில்தான், பருவநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து காக்கப்படுவது அடிப்படை உரிமை என்று சொன்னார்கள். இத்தகைய வழக்குகளில் கோஷம் உதவாது; இரு பக்கத்தையும் ஆழமாகப் படித்தவர்தான் நீதிமன்றத்துக்கு உதவ முடியும்.

ஆலை தரப்பு வக்கீலை எதிரியாக நினைக்காதீர்கள். அவருடைய பதில் மனுவைப் போல நம் பலவீனத்தைக் கற்றுத் தரும் பாடநூல் வேறு இல்லை. மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடம் மரியாதையாகப் பேசுங்கள். நேர்மையான அதிகாரிகள் நிறைய உண்டு. அவர்களுக்கு வேண்டியது, தைரியமாகக் கையெழுத்துப் போட ஒரு சட்டப் பிடிமானம். அதை எடுத்துக் கொடுப்பதும் நம் வேலைதான்.

வயிறும் தைரியமும்

ஒரு விஷயத்தை வெளிப்படையாகப் பேசுவோம். ஆற்றைக் காப்பாற்றக் கட்சிக்காரர் ஃபீஸ் கொண்டுவர மாட்டார். வேலூர் வழக்கின் முடிவில் எம்.சி. மேத்தாவுக்கு 50,000 ரூபாயை அரசு கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. ஐந்தாண்டு உழைப்புக்கும் கைச்செலவுக்கும் அதுதான். ஆகவே பாகப்பிரிவினை, செக் கேஸ், விபத்து இழப்பீடு ஆகியவற்றையும் கௌரவமாக நடத்துங்கள். அந்த வருமானத்தில்தான் இந்த வழக்கு ஓடும்.

சீனியராக இருப்பவர்களுக்கும் சொல்கிறேன்: ஜூனியருக்குச் சம்பளம் கொடுங்கள். நகரங்களில் மாதம் 20,000, மற்ற இடங்களில் 15,000 என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் சொன்னது. பசியோடு இருக்கும் பிள்ளை எத்தனை நாள் ஆற்றைப் பற்றிப் படிக்கும்? பெண் வக்கீல்கள் வேலை பார்க்க ஏற்ற நேரமும், பத்திரமாக வீடு திரும்பும் ஏற்பாடும் சேம்பரில் இருக்க வேண்டும். கிராமத்துப் பெண்கள் தங்கள் உடம்பில் நடப்பதை அவர்களிடம்தான் மனம் விட்டுச் சொல்வார்கள்.

மிரட்டலும் வரும். அப்போது தனியாக இருந்தால் பயம் இரட்டிப்பாகும். வக்காலத்தில் நான்கு பேர் கையெழுத்து இருந்தால் மிரட்டுகிறவன் யோசிப்பான். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கோ களத்துக்கோ எப்போதும் இரண்டு பேராகப் போங்கள்.

ஒப்படைக்கும் கடமை

இதுவரை சொன்னதெல்லாம் சேர்ப்பதைப் பற்றி. கடைசியாகச் சொல்வது கொடுப்பதைப் பற்றி.

ஒவ்வொரு வழக்குக் கட்டின் முதல் பக்கத்திலும் தேதிவாரியாக நடந்தவற்றை எழுதி வையுங்கள். எந்த உத்தரவு, எந்தப் பக்கத்தில், யார் நிறைவேற்ற வேண்டும், எதை நிறைவேற்றவில்லை என்று அதில் இருக்கட்டும். ஆய்வக அறிக்கைகளை வருட வரிசையில் அடுக்குங்கள். பத்தாண்டு எண்களை ஒன்றாகப் பார்க்கும்போது தனி அறிக்கை சொல்லாததை அவை சொல்லும். மூல ஆவணங்களை ஸ்கேன் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். வழக்கின் சுருக்கத்தைத் தமிழில் எழுதி ஊர்ச் சங்கத்திடம் ஒரு பிரதி கொடுங்கள். வக்கீல் மாறுவார், சங்கச் செயலாளர் மாறுவார், ஊர் இருக்கும். ஒவ்வொரு வழக்கிலும் உங்களைவிட இளையவர் ஒருவரை முதல் நாளிலிருந்தே கூட வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குச் சின்ன மனுவையாவது வாதாடக் கொடுங்கள். எல்லாவற்றையும் தன் தலைக்குள் வைத்துக்கொள்ளும் சீனியர், தான் போகும்போது வழக்கையும் சேர்த்துக் கொண்டுபோய்விடுகிறார். அதற்கு நமக்கு உரிமை இல்லை, ஏனென்றால் அந்த வழக்கு ஊருடையது.

நீங்கள் இன்று தாக்கல் செய்யும் மனுவின் கடைசி உத்தரவை நிறைவேற்றி வாங்கப் போகிறவர் இப்போது ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருக்கலாம். அவர் கட்டைப் பிரித்ததும், எங்கிருந்து வேலையைத் தொடர வேண்டும் என்பது முதல் பக்கத்திலேயே தெரிய வேண்டும். அந்தப் பக்கத்தை இன்றைக்கே எழுதத் தொடங்குங்கள்.